சர்க்கரை நோய் மருத்துவமனையில் விழித்திரைப் பரிசோதனைக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது எப்படி?

சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பு தொடக்கத்தில் வலியையோ பார்வைக் குறைவையோ காட்டுவதில்லை. நோயாளி தாமாக உணரும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். எல்லாச் சர்க்கரை நோயாளிகளையும் ஆண்டுதோறும் கண் மருத்துவரே பார்ப்பது இயலாத நம் ஊர்களில், யாரை அவரிடம் உடனே அனுப்ப வேண்டும் என்று விழித்திரைப் படங்களைப் பார்த்துப் பிரித்துக் காட்டுவதே செயற்கை நுண்ணறிவு மென்பொருளின் வேலை. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு இத்தகைய மென்பொருள் பயிற்றுவிக்கப்பட்டது. அவற்றில் அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் இருந்தன.

மென்பொருளை வாங்குவதற்கு முன்பே, பாதிப்பு இருப்பதாக முடிவு வந்தவர் எங்கே, எத்தனை நாளுக்குள், யாரிடம் செல்வார் என்பதை ஒரு கண் மருத்துவமனையுடன் பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாடு இல்லாமல் பரிசோதனையைத் தொடங்குவது, என் கருத்தில், நோயாளிக்கு அச்சத்தை மட்டும் கொடுத்தனுப்புவதாகும். மென்பொருளும் மருத்துவச் சாதனமாகவே கருதப்படுவதால், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமம் உள்ளதா என்று விற்பவரிடம் கேளுங்கள். விழித்திரையைப் படமெடுக்க உங்களிடம் உள்ள கேமரா வகையில் அது சோதிக்கப்பட்டதா என்பதையும் கேட்க வேண்டும்.

அடுத்தது படத்தின் தரம். பெரும்பாலான திட்டங்கள் தடுமாறுவது இங்கேதான். தாய்லாந்தின் மருத்துவ மையங்களில் இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்திப் பார்த்தபோது, முதல் ஆறு மாதங்களில் செவிலியர்கள் எடுத்த படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமானவை தரம் போதாதென்று ஒதுக்கப்பட்டன. அறை போதிய அளவு இருட்டாக இல்லாததும், இணையம் மெதுவாக இயங்கியதும் அங்கே பெரிய தடைகளாயின. ஆகவே சன்னலுக்குக் கனத்த திரை போட்ட தனி அறை ஒன்றை ஒதுக்குங்கள். ஒரு கண்ணைப் படமெடுத்ததும் ஒளிவீச்சால் இரண்டு கண்களின் பாவைகளும் (கருவிழியின் நடுவே உள்ள துளைகள்) சுருங்கிவிடும் என்பதால், சில நிமிடங்கள் இருட்டில் உட்காரவைத்த பிறகே மறு கண்ணை எடுக்க வேண்டும். கண்புரை உள்ளவர்களுக்கும் பாவை சிறிதாக உள்ள முதியவர்களுக்கும் படம் மங்கலாகவே வரும். அவர்களுக்குப் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து இடுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். இட்டால், பார்வை தெளியும்வரை வண்டி ஓட்டக் கூடாதென்று சொல்லியனுப்புங்கள். எவ்வளவு முயன்றும் தெளிவான படம் கிடைக்காதவரை 'பாதிப்பு இல்லை' என்ற பட்டியலில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அவரும் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டியவரே.

முடிவுகளைப் படிக்கும்போது ஒரு கணக்கு மனத்தில் இருக்கட்டும். ஆயிரம் பேரில் நூறு பேருக்கு உண்மையான பாதிப்பு இருக்கிறதென்றும், மென்பொருள் பாதிப்புள்ளவர்களிலும் இல்லாதவர்களிலும் 90 விழுக்காட்டினரைச் சரியாகக் கண்டறிகிறதென்றும் கொள்வோம். அது 180 பேரை அனுப்பச் சொல்லும். அவர்களில் 90 பேருக்குப் பாதிப்பு இராது, மேலும் பாதிப்புள்ள பத்துப் பேர் விடுபடுவார்கள். எனவே தொடக்க மாதங்களில் எல்லாப் படங்களையும் கண் மருத்துவர் ஒருவர் தனியாகப் பார்த்து, மென்பொருளின் முடிவோடு ஒப்பிட வேண்டும். அதன் பிறகும், 'பாதிப்பு இல்லை' என்று வந்த படங்களில் ஒரு பகுதியை மாதந்தோறும் எடுத்துச் சரிபாருங்கள். விடுபட்டவர்களைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை.

நோயாளியிடம் சம்மதம் பெறும்போது, படத்தை முதலில் கணினி பார்க்கும் என்பதையும், அந்தப் படம் எங்கே சேமிக்கப்படும் என்பதையும் அவருடைய பேச்சுமொழியிலேயே சொல்லுங்கள். "இந்தப் பரிசோதனை சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பை மட்டும்தான் பார்க்கும், பார்வையில் வேறு தொந்தரவு இருந்தால் கண் டாக்டரைக் கட்டாயம் பாருங்கள், அம்மா" என்று செவிலியர் சொல்வது மிக அவசியம். கண் அழுத்த நோய் இருந்தும், 'சரியாக இருக்கிறது' என்ற ஒரு சொல்லை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் உண்டு.

அனுப்பப்பட்டவர்களின் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதி, கண் மருத்துவமனைக்கு உண்மையில் போனார்களா என்று தொலைபேசியில் விசாரிக்கும் பொறுப்பை ஒரு பணியாளருக்கு ஒப்படையுங்கள். பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலி இழப்பும் பலரைத் தடுக்கும். போகாதவரை அழைக்கும்போது காரணத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேமராவை மாற்றினாலோ மென்பொருளின் புதிய பதிப்பு வந்தாலோ, தொடக்கத்தில் செய்த ஒப்பீட்டை மீண்டும் ஒருமுறை முழுமையாகச் செய்துவிட்டே பயன்பாட்டைத் தொடர வேண்டும்.