பத்து பட்டன், எதை அழுத்தினாலும் 9
பைத்தானில் பட்டன், சாளரம் செய்ய உதவும் பைக்யூடி5-இல், ‘ஐ’ 0 முதல் 9 வரை ஓடும் ஃபார் லூப்புக்குள் பத்து பட்டன் போட்டு, ஒவ்வொன்றுக்கும் லாம்டா (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) வழியாக ‘ஐ’ என்ற எண்ணை அனுப்பினேன். எதை அழுத்தினாலும் 9தான் வந்தது. லாம்டா ‘ஐ’யின் மதிப்பை உருவாகும்போது பிடித்து வைப்பதில்லை, அழுத்தும்போதுதான் தேடுகிறது. அதற்குள் லூப் முடிந்து ‘ஐ’ 9-இல் நிற்கும்.

வழக்கமான மருந்து, லாம்டாவில் ‘ஐ=ஐ’ என்று இயல்பு மதிப்பு கொடுப்பது. டிகின்டர் என்ற இன்னொரு பைத்தான் நூலகத்தில் அது போதும். பைக்யூடி5-இல் போட்டதும் எல்லா பட்டனும் ‘ஃபால்ஸ்’ என்றன! பட்டனை அழுத்தும்போது கிளம்பும் ‘கிளிக்டு’ சிக்னல் தானாகவே ‘செக்டு’ என்ற ஆம்/இல்லை மதிப்பை (இங்கே ‘ஃபால்ஸ்’) அனுப்புகிறது; அது நேராக ‘ஐ’யில் போய் உட்கார்ந்துவிடுகிறது. முன்னால் அதற்கொரு இடம் விட வேண்டும்: ‘லாம்டா செக்டு, ஐ=ஐ’. இப்போது சரியான எண் வருகிறது.

லாம்டாவே இல்லாமல், சிக்னலை ஃபங்ஷனோடு இணைக்கும் கனெக்டுக்குள் அடைப்புக்குறியோடு ஃபங்ஷனை எழுதினால், அழுத்தும் முன்பே அது ஓடிவிடும்.