உப்பு ஏரிக்குத் தேசியப் பூங்கா: எல்லை போடும் முன்பே நடக்கும் தவறுகள்

வேலூர்ப் பக்கம் உப்பு ஏரி கிடையாது. ஆனாலும் பறவை பார்க்கப் போகும் நம் பிள்ளைகள் எங்காவது ஒரு உப்பு ஏரி வற்றுகிறது என்று கேள்விப்பட்டால் போதும், ‘தேசியப் பூங்கா ஆக்கிவிடலாமே’ என்கிறார்கள். ஆசை நியாயமானது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

முதல் தவறு, தண்ணீர் நிற்கும் இடத்துக்கு மட்டும் எல்லை போடுவது. காவேரிப்பாக்கம் ஏரியைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: பாலாறு அணைக்கட்டிலிருந்து வரும் கால்வாய் தூர்ந்துபோனால், கரையை எவ்வளவு பலப்படுத்தி என்ன? உப்பு ஏரியில் இது இன்னும் மோசம். பெரும்பாலும் அதற்கு மதகும் இல்லை, உபரி நீர் வழிந்தோடும் கலங்கலும் இல்லை. வந்த நீர் ஆவியாகித்தான் போக வேண்டும். வரத்து குறைந்தால் ஏரி சுருங்கி உப்பு ஏறும். ஈரானின் ஊர்மியா ஏரி தேசியப் பூங்காதான். ஆனால் அதற்கு வரும் ஆறுகளில் அணை கட்டினார்கள், சுற்றிலும் விவசாயத்துக்குக் கிணறு தோண்டினார்கள். 1990களின் நடுவிலிருந்து ஏரி சுருங்கி, பல இடங்களில் வெறும் உப்புத் தரைதான் மிஞ்சியது.

சரி, தண்ணீர் நிறைய வந்துவிட்டால்? அதுவும் ஆபத்துதான். கென்யாவின் நகுரு ஏரி 1968இல் தேசியப் பூங்கா ஆனது. 2010க்குப் பிறகு நீர் ஏறி, பூங்காவின் நுழைவாயிலே மூழ்கியது. உவர்ப்பு குறைந்ததால் பூநாரைகள் தின்னும் ஸ்பைருலினா பாசியும் குறைந்தது. பறவைகள் பொகோரியா ஏரிப் பக்கம் போய்விட்டன. காண்டாமிருகத்துக்காகப் போட்ட வேலி இதற்கு என்ன செய்யும்?

‘ஏற்கெனவே உப்புத் தண்ணீர்தானே, கழிவு கலந்தால் என்ன’ என்று கேட்பவர்களும் உண்டு. தோல் பதனிடும் ஆலைகளிலிருந்து வந்த உப்பும் குரோமியமும் பாலாற்றை என்ன செய்தன என்று தெரிந்த ஊரில் இந்தக் கேள்வி வரக்கூடாது.

அப்புறம், பெயர். தேசியப் பூங்கா என்று அறிவித்துவிட்டால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி உள்ளே ஆடுமாடு மேய்க்க முடியாது. கோடையில் ஏரிப் படுகையை நம்பி மந்தை ஓட்டுபவர்களைக் கேட்காமல் மனு போட்டால், அவர்கள்தான் முதல் எதிரிகளாவார்கள். அரசு நிலமாக இருந்தால், 2002 திருத்தத்தில் வந்த பாதுகாப்புக் காப்பகம் என்ற வழி இருக்கிறது. அதில் ஊராரும் நிர்வாகக் குழுவில் இடம்பெறுவார்கள். நெல்லை மாவட்டத் திருப்புடைமருதூர் 2005இல் அப்படித்தான் பறவைகளுக்கான காப்பகமானது. எந்தப் பெயரைக் கேட்டாலும், மனுவில் ஏரியின் சர்வே எண்ணோடு வரத்துக் கால்வாய்களின் சர்வே எண்களையும் சேர்த்து எழுதுங்கள்.