டர்போபுராப் லீவர்கள்: பறக்கும்போது எதை, எப்போது, எவ்வளவு நகர்த்தலாம்

ஜெட் விமானத்தில் ஒரு எஞ்சினுக்கு ஒரு லீவர்தான். டர்பைன் எஞ்சின் புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்போபுராப்பில் அப்படி இல்லை. பவர் லீவர், புராப் லீவர், கண்டிஷன் லீவர், அவற்றை ஒட்டியே ஃப்ளாப் லீவர் என்று எல்லாம் பைலட்டுகளுக்கு நடுவே ஒரே பீடத்தில் நெருக்கியடித்து நிற்கும். டர்போபுராப் விபத்துகளின் பட்டியலைப் புரட்டினால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்களோடு விழுந்த விமானங்கள் பல அகப்படும். அவற்றில் தவறு நடந்த இடம் இந்தப் பீடம்தான்.

இங்கே வரும் எண்கள் கிங் ஏர் 200, செஸ்னா கேரவன், ஏடிஆர் 72 ஆகியவற்றுக்கு உரியவை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பறப்பது ஏடிஆர் 72 என்பதால் அது பலருக்குப் பழக்கமானது. நீங்கள் ஓட்டும் விமானத்தின் கையேட்டில் வேறு எண் இருந்தால் கையேட்டைத்தான் பின்பற்ற வேண்டும்.

எந்த லீவர் எதைப் பிடித்திருக்கிறது

கிங் ஏர், கேரவன் இரண்டிலும் உள்ள பிடி6ஏ எஞ்சினில் இரண்டு தனித்தனிச் சுழற்சிகள் உண்டு. கேஸ் ஜெனரேட்டர் ஒன்று. அதன் வேகம் என்ஜி. அதிலிருந்து வரும் சூடான காற்று ஒரு பவர் டர்பைனைச் சுழற்ற, அது கியர்பாக்ஸ் வழியாக புரொப்பெல்லரைச் சுழற்றும். அந்த வேகம் என்பி. இரண்டுக்கும் நடுவே தண்டு இணைப்பு கிடையாது, காற்று மட்டுமே. டர்பைன்களுக்கு இடையிலான வெப்பநிலை ஐடிடி.

கிங் ஏரில் பவர் லீவர் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும். புராப் லீவர் கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு ‘இந்த வேகத்தை வைத்துக்கொள்’ என்று சொல்லும். கவர்னர் பிளேடின் கோணத்தை மாற்றி அந்த வேகத்தைக் காக்கும். கண்டிஷன் லீவர் எரிபொருளைத் திறக்கும், மூடும், ஐடில் (எஞ்சின் குறைந்தபட்சமாக ஓடும்) அளவை வைக்கும். ஏடிஆரில் புராப் லீவர் தனியாக இல்லை. அங்கே கண்டிஷன் லீவரிலேயே 100 சதவீத ஓவர்ரைடு, ஆட்டோ, ஃபெதர் (பிளேடுகளின் விளிம்பைக் காற்றைப் பார்க்கத் திருப்புவது), எரிபொருள் நிறுத்தம் என நான்கு நிலைகள். ஃபெதரும் எரிபொருள் நிறுத்தமும் ஒரே லீவரில் இருப்பது வசதிதான். ஆனால் கை தவறினால் போவது பெரிதாகப் போகும்.

பவர் முதலில், புராப் பிறகு

மேலேறி முடித்து க்ரூஸுக்கு வரும்போது புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை இது. கிங் ஏர் 200-இல் டார்க் (புரொப்பெல்லரைத் திருப்பும் முறுக்கு விசை) உச்சவரம்பு 2,230 அடி-பவுண்டு, புரொப்பெல்லர் உச்சம் நிமிடத்துக்கு 2,000 சுற்று. டார்க்கையும் சுற்றையும் பெருக்கி 5,252-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிடைக்கும். நீங்கள் 2,000 அடி-பவுண்டில், 2,000 சுற்றில் இருக்கிறீர்கள்; சுமார் 760 குதிரைத்திறன். பவர் லீவரைத் தொடாமல் புராப் லீவரை மட்டும் 1,700 சுற்றுக்கு இழுக்கிறீர்கள். கேஸ் ஜெனரேட்டருக்கு இது தெரியாது, அதே 760-ஐ அனுப்பிக்கொண்டே இருக்கும். சுற்று குறைந்துவிட்டதால் டார்க் 2,350-ஐத் தொட்டுவிடும். வரம்பு மீறியாயிற்று, கியர்பாக்ஸுக்குப் பரிசோதனை எழுதியாயிற்று.

ஆகவே குறைக்கும்போது பவர் லீவரை முதலில் இழுத்து டார்க்கில் இடம் உண்டாக்கிக்கொண்டு, அதன்பிறகு புராப் லீவர். கூட்டும்போது நேர்மாறாக, புராப் முதலில், பவர் பிறகு.

டேக்-ஆஃபில் டார்க்கை வரம்புக்குச் சற்றுக் கீழேயே வையுங்கள். ஓடுபாதையில் வேகம் ஏற ஏற எஞ்சினுக்குள் கூடுதல் காற்று திணிக்கப்படும். லீவரைத் தொடாமலே டார்க் கொஞ்சம் ஏறும். உயரே போனால் கதை மாறும். தாழ்வான உயரத்தில் முதலில் இடிப்பது டார்க் வரம்பு. மேலே காற்று மெலியும்போது டார்க் தானாக இறங்கும், அதை ஈடுகட்ட லீவரைத் தள்ளினால் இந்த முறை இடிப்பது ஐடிடி. பார்வை ஒரு கேஜிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் மற்றது சிவப்புக் கோட்டைத் தாண்டியது தெரியாது.

கிங் ஏரில் இன்னொன்று. பவர் லீவரின் உராய்வுத் திருகு தளர்வாக இருந்தால், கையை எடுத்த மாத்திரத்தில் லீவர் தானே பின்னே நழுவும். லேண்டிங் கியரை (சக்கரங்களை) மேலே தூக்க நீங்கள் கையெடுக்கும் நேரமும் அதுவே. ஒரு பக்கம் பவர் குறைவதை எஞ்சின் செத்ததாக எடுத்துக்கொள்ள ஒரு நொடி போதும். திருகை டேக்சி செய்யும் முன்பே இறுக்கிவிடுங்கள்.

ஃப்ளைட் ஐடிலுக்குக் கீழே போகவே கூடாது

பவர் லீவரை ஃப்ளைட் ஐடில் தடை வரை இழுக்கலாம். அங்கே லீவர் நிற்கும். லீவரில் உள்ள ட்ரிக்கரைத் தூக்கினாலோ லீவரையே உயர்த்தினாலோதான் அதைக் கடக்க முடியும். கடந்தால் பீட்டா, அதற்கும் கீழே புரொப்பெல்லர் பின்னோக்கித் தள்ளும் ரிவர்ஸ். இரண்டும் சக்கரம் தரையில் உருளும்போது மட்டும்.

காரணம் எளியது. ஃப்ளைட் ஐடிலுக்கு மேலே பிளேடின் கோணத்தைக் கவர்னர் பார்த்துக்கொள்ளும். பீட்டாவில் கோணத்தை நேரடியாக உங்கள் லீவர் தீர்மானிக்கும். பிளேடு தட்டையாகும், எதிர்க்காற்று புரொப்பெல்லரைக் காற்றாடிபோல விரட்டும். கவர்னர் வேகத்தை அடக்குவது பிளேடின் கோணத்தைக் கூட்டித்தான். இங்கே அந்த வழி அடைபட்டிருக்கும். புரொப்பெல்லரோடு சேர்ந்து பவர் டர்பைனும் தாறுமாறாகச் சுழன்று உடையும். உடையாவிட்டாலும் இரண்டு பெரிய வட்டத் தட்டுகளைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தியதுபோல இழுவை வரும், பின்னால் உள்ள இறக்கையில் காற்றோட்டம் கெடும்.

2011 அக்டோபர் 13 அன்று பப்புவா நியூ கினியில் மடாங் அருகே டாஷ் 8 என்ற டர்போபுராப் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. வேகம் அதிகம். பவர் லீவர்கள் ஃப்ளைட் ஐடிலைத் தாண்டிப் பின்னே போயின. இரு புரொப்பெல்லர்களும் அனுமதித்த வேகத்தை 60 சதவீதத்துக்கு மேல் மீறின; இரு எஞ்சின்களும் பயனற்றுப்போயின. 32 பேரில் 28 பேர் இறந்தார்கள். வானத்தில் பீட்டாவைப் பூட்டிவைக்கும் அமைப்பு அந்த விமானத்தில் இல்லை.

பூட்டு இருந்தாலும் நம்பி இழுக்கக்கூடாது என்பதற்கு 2002 நவம்பர் 6 அன்று லக்ஸம்பர்க்கில் விழுந்த ஃபோக்கர் 50 சாட்சி. கியரை இறக்கியபோது ஆன்டி-ஸ்கிட் (சக்கரம் வழுக்காமல் காக்கும்) பெட்டியிலிருந்து சில நொடிகள் தவறாக ஒரு மின்சமிக்ஞை வந்து, பூட்டாக இருந்த இரண்டாம் தடையை விடுவித்துவிட்டது. முதல் தடையைக் கையே தாண்டியிருந்தது. 22 பேரில் 20 பேர் போனார்கள். 2004-இல் ஷார்ஜாவில் இன்னொரு ஃபோக்கர் 50 இதே வழியில் விழுந்து 43 பேர் இறந்தார்கள்.

இறங்கும்போது உயரமும் வேகமும் மிஞ்சியிருந்தால்தான் கை ட்ரிக்கரைத் தேடும். அதற்கு வேறு கருவிகள் இருக்கின்றன. 1,000 அடிக்கு 3 கடல் மைல் என்று முன்கூட்டியே கணக்கிட்டு இறங்கத் தொடங்குங்கள். மிஞ்சினால் ஃப்ளைட் ஐடிலிலேயே வைத்து, புராப் லீவரை முழுக்க முன்னே தள்ளுங்கள்; இழுவை நன்றாகக் கூடும். வேகம் அனுமதிக்கும் நேரத்தில் கியர், பிறகு ஃப்ளாப். அதுவும் போதாதென்றால் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலேறுவது. லீவரைப் பின்னே இழுக்கும்போது விரல்கள் ட்ரிக்கரின் மேல் இருக்கவே வேண்டாம். உள்ளங்கையால் மேலிருந்து பிடித்து இழுத்தால் போதும்.

ஏடிஆரில் தரை தொட்டபின் கிரவுண்ட் ஐடிலுக்குக் கொண்டுவந்து, பிளேடு தட்டையானதைக் காட்டும் லோ-பிட்ச் விளக்கு இரண்டும் எரிகின்றனவா என்று பாருங்கள். ஒன்று எரியாவிட்டால் ரிவர்ஸ் கிடையாது. ஒரு பக்கம் மட்டும் ரிவர்ஸானால் விமானம் ஓடுபாதையை விட்டுத் திரும்பிவிடும்.

எஞ்சின் செத்தால்

அவசரப்படுவதற்குக் காரணமே இல்லை. ஏடிஆரில் டேக்-ஆஃபின்போது ஒரு எஞ்சினின் டார்க் 18 சதவீதத்துக்குக் கீழே போனால் மற்ற எஞ்சினின் பவரை விமானமே உடனே கூட்டும், 2.15 நொடி கழித்து அந்தப் புரொப்பெல்லரைத் தானே ஃபெதர் செய்யும். அதாவது பிளேடுகளை விளிம்பு காற்றைப் பார்க்கத் திருப்பி இழுவையைக் கொல்லும். உங்கள் முதல் வேலை மூக்கை நேராகவும் வேகத்தைச் சரியாகவும் வைத்திருப்பதுதான். பல நிறுவனங்களில் 400 அடிக்குக் கீழே லீவரைத் தொடவே விடமாட்டார்கள். அதற்குப் பிறகு:

1. டார்க், என்பி, ஐடிடி மூன்றையும் இரு பக்கமும் பார்த்து, எந்த எஞ்சின் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்தக் கால் ரட்டரை மிதிக்காமல் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்க எஞ்சின்தான் போனது. கேஜும் காலும் ஒன்றையே சொல்ல வேண்டும்.
2. ஒருவர் அந்தப் பவர் லீவரில் கை வைத்து எஞ்சின் எண்ணைச் சொல்லட்டும். மற்றவர் கையையும் கேஜையும் பார்த்து ‘சரி’ என்ற பிறகே நகர்த்த வேண்டும்.
3. மெதுவாக ஃப்ளைட் ஐடிலுக்கு இழுங்கள். மூக்கு திரும்பும் விதம் மாறினால், விமானம் மேலும் கனத்தால், அது தவறான லீவர். உடனே முன்னே தள்ளுங்கள்.
4. கண்டிஷன் லீவருக்கும் அதே சடங்கு: கை, பெயர், ‘சரி’. ஃபெதர், என்பி விழுகிறதா என்று பாருங்கள், அப்புறம் எரிபொருள் நிறுத்தம். கிங் ஏரில் புராப் லீவர் ஃபெதருக்கு, பிறகு கண்டிஷன் லீவர் கட்-ஆஃபுக்கு.

2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் ட்ரான்ஸ்ஏசியாவின் ஏடிஆர் 72-600 கிளம்பியதும் 2-ஆம் எஞ்சின் தானே ஃபெதரானது. சமிக்ஞைப் பெட்டியொன்றில் சரியில்லாத சால்டர் இணைப்பு காரணம். கேப்டன் இழுத்ததோ நன்றாக இருந்த 1-ஆம் எஞ்சினின் பவர் லீவரை. சரிபார்க்கலாம் என்று துணை பைலட் சொன்னபோதும் கை நிற்கவில்லை. பிறகு எரிபொருளையும் நிறுத்தினார்கள். 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். மேலே உள்ள 2-ஆம் படிக்கு ஐந்து நொடி ஆகும்.

நகர்த்திய பிறகு கேஜைப் பாருங்கள்

2023 ஜனவரி 15, நேபாளத்தின் போக்ரா. எட்டி ஏர்லைன்ஸின் ஏடிஆர் 72-500 தரையிறங்க வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் ஃப்ளாப் 30 கேட்டார். பக்கத்தில் இருந்தவர் வைத்தாயிற்று என்று பதில் சொன்னார். அவர் கை இழுத்தது இரண்டு கண்டிஷன் லீவர்களை. இரு புரொப்பெல்லரும் ஃபெதருக்குப் போயின. ஃப்ளாப் 15-லேயே நின்றது. என்பி 25 சதவீதத்துக்குக் கீழே, டார்க் 0. பிறகு பவர் லீவரை முன்னே தள்ளியும் பலனில்லை, ஏனென்றால் ஃபெதரான புரொப்பெல்லர் தள்ளுவிசை தராது. 72 பேரும் இறந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது கை தவறியது மட்டும் அல்ல. கை தவறும், அதற்காகத்தான் ஃப்ளாப் லீவரின் குமிழை இறக்கை வடிவிலும் கியர் லீவரைச் சக்கர வடிவிலும் செய்கிறார்கள். ‘ஃப்ளாப் 30’ என்ற பதில் லீவரைப் பார்த்துச் சொல்லப்பட்டதா, ஃப்ளாப் முள்ளைப் பார்த்துச் சொல்லப்பட்டதா என்பதே கேள்வி. கை நகர்ந்ததும் ‘வைக்கிறேன்’. முள் 30-இல் நின்ற பிறகே ‘30’. நடுவில் உள்ள சில நொடிகளில் கண் அந்த முள்ளின் மேலேயே இருக்கட்டும். பவர் கூட்டினால் டார்க் ஏறியதா என்று பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் மறுபடி தள்ளுவதற்கு முன் கண்டிஷன் லீவர்களைத் தொட்டுப் பாருங்கள்.

கேரவனின் எமர்ஜென்சி பவர் லீவர்

ஒற்றை எஞ்சின் கேரவனில் மட்டும் சொல்ல ஒன்று பாக்கி. எரிபொருள் கட்டுப்பாட்டின் காற்றழுத்தப் பகுதி பழுதாகி எஞ்சின் ஐடிலுக்குச் சரிந்தால், பவர் லீவரை ஐடிலில் வைத்துவிட்டு எமர்ஜென்சி பவர் லீவரால் ஓட்டலாம். இது எரிபொருளை நேராகத் திறக்கும் வழி; வேகமாகத் தள்ளினால் ஐடிடி-யைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. பறக்கும்போது என்ஜி 65 சதவீதத்துக்குக் கீழே போகவிடாதீர்கள். ஒரு விரல் அகலம் தள்ளி, என்ஜி ஏறி நிற்கும்வரை காத்திருந்து, ஐடிடி 805 டிகிரிக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு, அடுத்த விரல் அகலம்.