தண்ணி வரும், போகாது: சூழலியல் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் புதுச்சேரியிலிருந்து ஒரு கல்லூரிக் குழு பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைக்கு வந்திருந்தது. வேன் நிறையச் சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் கன்றுகள். இறங்கியதும் இறங்காததுமாக, "சார், எங்க நடலாம்?" என்று கேட்டார்கள். ஒரு பையன் எதிரே கிடந்த வெட்டவெளியைக் கைகாட்டினான். எனக்குப் பகீரென்றது. 15 வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படி ஒரு திடலைத்தான் கைகாட்டினேன்.

கடலூர், புதுச்சேரிப் பக்கத்து ஏரிகளுக்கும் கழிமுகங்களுக்கும் மாணவர்களைக் கூட்டிப்போய்ச் சூழலியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சத்தம் போடாதே, குப்பை போடாதே என்பதெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் வேறு.

## பெயரை வைத்து உறவை முடிவு செய்வது

மாட்டோடு கூடவே நடக்கும் வெள்ளைக் கொக்கைக் காட்டி, "இரண்டுக்கும் என்ன உறவு?" என்று கேட்டால், "ஒன்றுக்கொன்று உதவி" என்று உடனே பதில் வரும். உண்ணிக்கொக்கு என்ற பெயர் அப்படிச் சொல்ல வைக்கிறது. பத்து நிமிஷம் அசையாமல் நின்று பாருங்கள். கொக்கின் பார்வை மாட்டின் முதுகில் இருக்காது, குளம்பில் இருக்கும். மாடு காலை எடுத்து வைக்கும், புல்லிலிருந்து வெட்டுக்கிளி துள்ளும், கொக்கு ஒரே எட்டில் அதைப் பிடித்துவிடும். தனியாக இரை தேடுவதைவிட இதில் அலைச்சல் குறைவு, இரை அதிகம். எப்போதாவது உண்ணியையும் கொத்தும்தான், ஆனால் அதன் சாப்பாடு அதுவல்ல. மாட்டுக்குப் பெரிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பாடத்தில் கமென்சலிசம் என்று வருவது இதுதான். பெயரில் தொடங்கினால் இந்த உறவைப் பிடிக்க முடியாது, காலடியைப் பார்த்தால்தான் பிடிபடும்.

## காடு ஏன் செத்தது என்று கேட்காமல் கன்று நடுவது

இதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

அந்த 15 வருஷத்துக்கு முந்தைய கதைதான். மாணவர்கள் வீடு வீடாகப் போய்த் திரட்டிய பணத்தில் 2,000 கன்று வாங்கினோம். அனுமதி வாங்கி, தை மாதத்தில் நட்டோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணின் உப்பு கழுவப்பட்டிருந்தது, கன்றுகளும் பச்சையாகவே நின்றன. மாசியில் இலை மஞ்சளானது. சித்திரையில் போய்ப் பார்த்தால் வரிசை வரிசையாகக் குச்சி. தரையில் உப்பு பூத்து, கால் வைத்த இடமெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. எங்களைப் படகில் கூட்டிப்போன அண்ணன் திடலைப் பார்த்துவிட்டு ஒரே வரியில் சொன்னார்: "இங்க தண்ணி வரும் சார். போகாது."

இதை நடுவதற்கு முன் அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் சொன்னதில் மொத்தப் பாடமும் இருக்கிறது. பிச்சாவரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், கடல்நீர் வந்து போகும் சேற்றில் வளர்ந்த அலையாத்திக் காடு. பிரிட்டிஷ் காலத்திலிருந்தே அங்கே பகுதி பகுதியாக மரங்களை மொட்டையாக வெட்டி எடுத்தார்கள். நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் இறங்கியது. சேற்றிலிருந்த நீர் வற்ற, மண் அமுங்கி, தரை தாம்பாளம் மாதிரி நடுவில் குழிந்தது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கியது. வெயிலில் நீர் ஆவியானது, உப்பு தங்கியது. அடுத்த ஏற்றம் இன்னும் கொஞ்சம் உப்பைக் கொண்டுவந்தது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. கோடையில் அந்தக் குழிகளில் உப்பு இதையும் தாண்டிவிடும். உப்பைத் தாங்குவதற்கென்றே பழகிய மரங்கள்கூட அங்கே முளைக்காது. வெட்டுவதை நிறுத்திய பிறகும் காடு தானாகத் திரும்பாததற்குக் காரணம் இந்தக் குழிதான். விட்டுவிட்டால் இயற்கை தானே சரிசெய்துகொள்ளும் என்று பலர் சொல்வார்கள். நீரோட்டத்தின் வழி கெட்ட இடத்தில் அது நடக்காது.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அங்கே முதலில் செய்த வேலை வாய்க்கால் வெட்டியது. நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். நீர் வந்து போக ஆரம்பித்ததும் உப்பு கழுவப்பட்டது. அப்புறம்தான் கன்று.

'எக்கோசிஸ்டம்' என்ற சொல்லை 1935-இல் பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி கொண்டுவந்தபோதே உயிர்களோடு மண்ணையும் நீரையும் காற்றையும் சேர்த்து ஒரே அமைப்பாகத்தான் பார்த்தார். பரீட்சையில் இதை எல்லோரும் சரியாக எழுதுவார்கள், நானும் எழுதியிருக்கிறேன். களத்தில் நின்றால் கண் மரத்தையும் பறவையையும் மட்டும்தான் தேடுகிறது.

சரி, போன மாதக் குழுவுக்கு வருகிறேன். கன்றுகளை நிழலில் இறக்கிவைக்கச் சொன்னேன். ஏற்றம் முழுசாக வந்த நேரத்தில் வாய்க்காலில் ஒரு குச்சி, திடலில் ஒரு குச்சி நட்டு, நீர்மட்டத்தில் சிவப்பு நூல் கட்டினோம். இந்தக் கரையில் ஓதம், அதாவது கடல் மட்டம், ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது, அதனால் கண்ணால் மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆறு மணி நேரம் காத்திருந்தோம். சாப்பிட்டார்கள், முணுமுணுத்தார்கள், இரண்டு பேர் தூங்கியே விட்டார்கள். வற்றத்தில் போய்ப் பார்த்தால் வாய்க்கால் குச்சியில் நூலுக்கும் நீருக்கும் நடுவே இரண்டு சாண் இடைவெளி. திடல் குச்சியில் நூல் இன்னும் நனைந்தபடியே இருந்தது. கைகாட்டிய பையன்தான் முதலில் வாயைத் திறந்தான்: "போகவே இல்ல சார்."

சுரபுன்னை வாய்க்கால் விளிம்பில் நிற்கிற மரம். அதற்குப் பின்னால், கொஞ்சம் மேட்டில், உப்பை அதிகம் தாங்கும் வெண்கண்டல். அதற்கும் பின்னால் உமரிச் செடி. வெண்கண்டல் இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும், உறிஞ்சிய உப்பை இலை வழியாகத் தள்ளிவிடுகிற மரம் அது. எந்த மரம் எங்கே நிற்கிறது என்பதே அங்கே நீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைச் சொல்லிவிடும். அன்று கொண்டுவந்த கன்றுகளில் பாதிக்குத்தான் வாய்க்கால் ஓரத்தில் இடம் இருந்தது. மீதியை நாற்றங்காலுக்கே திருப்பி அனுப்பினோம்.

## சேற்றுத் திட்டைக் காலி இடம் என்று நினைப்பது

வற்றத்தில் வெளியே தெரியும் சேற்றுத் திட்டில் மரம் இல்லை என்பதால் அது சும்மா கிடக்கவில்லை. சேற்றுக்குள் புழு, நத்தை, நண்டு. அவற்றை நம்பித்தான் உள்ளான் பறவைகள் வலசை வருகின்றன. அதில் கன்று நட்டால் ஒரு பந்தியையே எடுத்துவிட்டு மரம் வைக்கிறோம்.

## உணவுச் சங்கிலியில் சருகை விட்டுவிடுவது

இலை, புழு, குருவி, பருந்து என்று வரைந்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். அலையாத்திக் காட்டில் பச்சை இலையைத் தின்பவை குறைவு. விழுந்த இலைதான் பெருமளவு உணவு. பூஞ்சையும் பாக்டீரியாவும் அதை மக்கவைக்கும், நண்டு கிழித்துத் தின்னும், அந்தத் துணுக்குகளில் இறால் குஞ்சு வளரும், மீன் வரும், அப்புறம் கொக்கும் நாரையும் வலைக்காரரும். சருகில் தொடங்கி வரையுங்கள்.

## ஒருநாள் பார்த்துவிட்டு எழுதுவது

புதுச்சேரிப் பக்கத்து ஊசுடு ஏரியை ஜனவரியில் பார்த்தவர் "பறவைகள் நிறைந்தது" என்று எழுதுவார். மே மாதம் பார்த்தவர் "ஏரி செத்துவிட்டது" என்பார். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, கோடையில் சுருங்குவதுதான் நம் ஏரிகளின் இயல்பு. நான்கு பருவத்துக்கும் ஒருமுறையாவது போங்கள்.

## குளத்தில் மீன் விடுவது

வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தியை ஒருமுறை விட்டால் திரும்பப் பிடித்து முடியாது.

## மூச்சு வேரை மிதிப்பது

சேற்றிலிருந்து பென்சில் மாதிரி நிமிர்ந்து நிற்பது வெண்கண்டலின் மூக்கு. சுற்றிப் போங்கள்.