கடலில் நீந்துகிறவர்கள் அருவிக்குப் போனால்

தேவனாம்பட்டினத்து அலையில் நீந்திப் பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் அருவிக் குட்டையைப் பார்த்தால் கொஞ்சம் தயங்குவார்கள். நம்ம கடலூர்ப் பசங்களுக்கு அந்தத் தயக்கமே கிடையாது, அதுதான் சிக்கல்.

நமக்குப் பக்கம் கல்வராயன் மலைதான். பண்ருட்டி, மடப்பட்டு, உளுந்தூர்பேட்டை, அங்கிருந்து சேலம் சாலையில் கள்ளக்குறிச்சி, பிறகு கச்சிராயபாளையம், கோமுகி அணை, வெள்ளிமலைக்கு ஏறும் பாதை. பெரியார் அருவிக்கு அதிகம் நடக்க வேண்டியதில்லை. மேகம் அருவிக்குக் காட்டுக்குள் நடை உண்டு. வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு, வழி தெரிந்த மலை ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மழைக்காலம் ஓய்ந்த டிசம்பர் கடைசி, ஜனவரி நல்ல நேரம். சித்திரையில் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். மழை நாளில் வேண்டவே வேண்டாம். கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருந்தால் எங்கள் வீட்டில் மலைப் பேச்சையே எடுக்க மாட்டோம்.

ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும். அடியில் நல்ல பிடிப்புள்ள பழைய ஷூவோடு நடந்து, அதோடேயே தண்ணீரிலும் இறங்குங்கள். வழுக்குப் பாறையில் கௌரவம் பார்க்காமல் உட்கார்ந்து நகருங்கள்.

இப்போது நீச்சல். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்புதான் நம்மைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிப் பிடிக்கிறது. அருவித் தண்ணீரில் அந்தத் தாங்கல் இல்லை, கை சீக்கிரம் ஓய்ந்துவிடும். அருவி விழுகிற இடத்தில் வெள்ளையாக நுரைக்கிறதே, அதில் பாதி காற்று. கையைத் துடுப்பாகப் போட்டாலும் பிடிமானம் கிடைக்காது, மேலிருந்து விழும் தண்ணீர் உள்ளே அமுக்கும். அதனால் நுரைக்குப் பக்கத்தில் போகாமல், தண்ணீர் தெளிந்து அடங்கும் கரையோரத்தில் நீந்துங்கள். பாறை மேலிருந்து குதிக்கவே கூடாது. போன வருஷம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வருஷம் ஒரு மரக்கட்டை கிடக்கலாம். கம்பால் ஆழம் பார்த்து, காலை முதலில் வைத்து இறங்குங்கள். தண்ணீர் சில்லிட்டிருக்கும், முகம் கை கால் நனைத்துக்கொண்ட பிறகே முழுக்கு.

நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் காய்ந்தாலும் மேலே மழை கொட்டலாம். தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், துணிமணியை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். இதைக் கவனிக்க நீந்தாத ஒருவர் கரையில் வேண்டும். எங்கள் குழுவில் அது மச்சான். குளிர் ஆகாது என்பார், எல்லோருடைய போனையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் கையில் நீளக் கயிறு கட்டிய லாரி டியூப் ஒன்று இருக்கும். பஞ்சர் கடையில் சொல்லிவைத்தால் பழையது கிடைக்கும்.

புளிச்சோற்றைக் குளித்த பிறகு பிரியுங்கள், பிளாஸ்டிக் பையில் வேண்டாம். குரங்கு பிடுங்கும் என்பது ஒன்று. கோமுகி, மணிமுத்தாறு, வெள்ளாறு என்று போய் நம்ம பரங்கிப்பேட்டையில் கடலில் சேரும் தண்ணீர் இது என்பது இன்னொன்று.

மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். அந்த வளைவுகளில் இருட்டில் இறங்குவது, ஓட்டுகிறவருக்கு ரொம்பச் சிரமம்.