கடை வாசலில் ஒரு என்எப்சி ஸ்டிக்கர்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளியூர்ச் சனம் கடைக்கும் விருந்தினர் விடுதிக்கும் வந்து கேட்பது ஒரே கேள்விகள்தான்: திறக்கிற நேரம், விலை, பஸ், வைஃபை. வாசலில் ஓர் என்எப்சி ஸ்டிக்கர் (கிட்ட வரும் போனுக்குத் தகவலைக் கொடுக்கும் சிறு சில்லு உள்ளது) ஒட்டினால், போனை அதில் தொட்டதும் பதில் கிடைக்கும். இதற்குப் பற்றரி தேவையில்லை.

என்டேக் 213 என்ற சில்லு உள்ள வகை போதும். அதில் எழுத 144 பைட் இடம்தான் உண்டு. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘யாழ்ப்பாணம்’ என்ற ஒரு சொல்லே 33 பைட் பிடிக்கும். ஆகவே விபரத்தை இணையப் பக்கத்தில் வைத்து, ஸ்டிக்கரில் அதன் முகவரியை மட்டும் எழுதுங்கள். விலை மாறினாலும் ஸ்டிக்கரைத் தொடத் தேவையில்லை. எழுத ‘என்எப்சி டூல்ஸ்’ செயலி நல்லது.

பலர் பிழைவிடும் இடம் இதுதான்: இரும்பு ஷட்டரிலோ அலுமினியச் சட்டத்திலோ சாதாரண ஸ்டிக்கர் வேலை செய்யாது, உலோகம் அலையைக் கெடுத்துவிடும். மரத்தில், கண்ணாடியில் ஒட்டுங்கள்; இல்லாவிட்டால் உலோகத்தில் ஒட்டுவதற்கான, ஃபெரைட் படலம் (உலோகத்தின் பாதிப்பைத் தடுக்கும் காந்தப் படலம்) உள்ள வகையை வாங்குங்கள்.

எட்டும் தூரம் சுமார் 4 சென்ரிமீற்றர். ஐபோனின் மேல் விளிம்பை வைக்க வேண்டும். அன்ட்ரொய்டில் பெரும்பாலும் முதுகின் நடுப்பகுதி. திரை விழித்திருக்க வேண்டும். வைஃபை கடவுச்சொல்லை நேரே எழுதினால் அன்ட்ரொய்ட் ஏற்கும், ஐபோன் ஏற்காது. அதையும் இணையப் பக்கத்திலேயே போடுங்கள்.

சோதித்த பிறகு, ஸ்டிக்கரில் எழுதியதைச் செயலியில் பூட்டிவிடுங்கள், இல்லையேல் யாரும் முகவரியை மாற்றலாம். பூட்டினால் திறக்க முடியாது. எழுத்துப்பிழையை முதலே பாருங்கள்.