கோவைகளைப் பெருக்கும்போது குறியும் அடுக்கும் தவறாமல் இருக்க

இயற்கணிதக் கோவையை உறுப்புகளாக, அதாவது கூட்டல், கழித்தல் குறிகளுக்கு இடையே நிற்கும் துண்டுகளாகப் பிரிக்கும்போது, முன்னால் நிற்கும் குறியையும் உறுப்போடு சேர்த்தே எடுங்கள். 2க³ − 5கப² + 4 என்பதில் (க, ப இரண்டும் மாறிகள்) நடு உறுப்பு −5கப². அந்த மைனஸை விட்டுவிட்டால், பிறகு எவ்வளவு கவனமாகப் பெருக்கினாலும் விடை தப்பாகத்தான் வரும்.

இரண்டு உறுப்புகளைப் பெருக்கக் குறி, எண், எழுத்து என்ற வரிசையில் போங்கள். எண்களைப் பெருக்க வேண்டும். ஒரே எழுத்தின் அடுக்குகளைக் கூட்ட வேண்டும். க² என்பது க × க, க³ என்பது க × க × க. அடுத்தடுத்து எழுதிப் பெருக்கினால் மொத்தம் ஐந்து க, அதனால் க⁵. க⁶ என்று எழுதத் தோன்றினால் இப்படி விரித்து எண்ணிப் பாருங்கள். அடுக்கு எழுதப்படாத எழுத்துக்கு அடுக்கு 1. அதை 0 என்று எண்ணிவிடுவோரும் உண்டு. க²ப³ போல எழுத்துகள் வேறாக இருந்தால் அடுக்குகளைக் கூட்ட முடியாது, அப்படியே விட வேண்டும்.

இனி பங்கீட்டு விதி. வெளியே நிற்கும் உறுப்பு, அடைப்புக்குள் இருக்கும் ஒவ்வோர் உறுப்பையும் பெருக்க வேண்டும்:

−3க²ப (2க³ − 5கப² + 4)
= −6க⁵ப + 15க³ப³ − 12க²ப

கடைசி 4-இல் எழுத்தே இல்லை என்பதால் அதைப் பெருக்காமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். உள்ளே மூன்று உறுப்புகள் இருந்தால் விடையிலும் மூன்று வர வேண்டும்.

இரண்டு அடைப்புகள் என்றால் முதல் அடைப்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, வரிக்கு ஒன்றாக எழுதுங்கள்:

(2க − 3)(க² + 4க − 5)
2க-ஆல்: 2க³ + 8க² − 10க
−3-ஆல்: −3க² − 12க + 15

2 × 3 = 6 உறுப்புகள் வந்துவிட்டன. இதை எண்ணிய பிறகே ஒத்த உறுப்புகளை (ஒரே எழுத்தும் ஒரே அடுக்கும் உள்ளவற்றை) சேருங்கள்: 2க³ + 5க² − 22க + 15. சேர்க்கும்போது கெழுக்கள் (எழுத்துக்கு முன்னால் நிற்கும் எண்கள்) மட்டுமே கூடும், அடுக்கு மாறாது. 8க² − 3க² என்பது 5க²தான்.

அடைப்புக்கு மேல் அடுக்கு இருந்தால், உள்ளே பெருக்கல் மட்டும் உள்ளதா என்று பாருங்கள். (−2க²ப)³ = −8க⁶ப³; அடுக்குக்கு மேல் அடுக்கு வந்தால் பெருக்க வேண்டும், கெழுவுக்கும் அந்த அடுக்கு உண்டு. உள்ளே கூட்டல் இருந்தால் இந்த வழி செல்லாது. (க + 3)² என்பதை (க + 3)(க + 3) என்று எழுதிப் பெருக்கினால் க² + 6க + 9 வரும். க² + 9 என்று எழுதினால் நடுவில் உள்ள இரண்டு 3க-வும் காணாமல் போகும்.

விடையைச் சரிபார்க்க, க-வுக்கு ஓர் எண்ணைப் போடுங்கள். 0 போட்டால் மாறிலி (எழுத்தே இல்லாத எண்) மட்டுமே மிஞ்சும். 1-இன் எந்த அடுக்கும் 1 என்பதால் அடுக்குப் பிழை தெரியாது. 2 போட்டால் க²-உம் 2க-வும் ஒரே மதிப்பு. அதனால் 3 போடுவதே நல்லது. மேலே உள்ள (2க − 3)(க² + 4க − 5) கணக்கில் இடப்பக்கம் 3 × 16 = 48; வலப்பக்கம் 54 + 45 − 66 + 15 = 48.